மக்காத எரு

“இந்த மண்ணை யாரும்மா செய்யறது?”

சின்னவளிடம் ஒருமுறை அப்படிக் கேட்டவர், ஆஸ்பத்திரித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. நாற்றுப் பண்ணைக்குச் செடி பார்க்க வந்தவர், செடிகளை விட்டுவிட்டுத் தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். உள்ளங்கையில் வைத்து இறுக்கினார், விரித்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் கூடையோடு நின்றவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவளுடைய செத்துப்போன கணவனின் அண்ணன், பண்ணைக்காரர், முந்திக்கொண்டார்.

“எங்க வீட்டுத் தயாரிப்புங்க. வழிவழியா வர்ற பக்குவம்.”

மூன்று வருஷத்துக்கு முன்புவரை அந்தப் பண்ணையில் லாரிக்காரனிடம் மண் வாங்கித்தான் தொட்டியை நிரப்பினார்கள். சின்னவள் திறந்த வாயைக் கொட்டாவி விட்டவள்போல மூடிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள்.

அந்தக் கேள்வி இருநூறு தொட்டிகளாக வளர்ந்து வந்தது. ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்து நடைபாதை ஓரம் முழுக்கப் பூச்செடி. மண்ணும் செடியும் இந்தப் பண்ணையிலிருந்தே வரவேண்டும் என்று அந்த அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. கொல்லையில் இருந்த மூன்று குவியல்களையும் பெற்ற பிள்ளையைப்போல அறிந்தவள் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

முதல் குவியல் மக்கி முடிந்திருந்தது. கறுத்து, பொலபொலவென்று, மழை விழுந்த தரையின் வாசனையோடு கிடந்தது. ஆனால் அது நூறு தொட்டிக்குத்தான் காணும். நடுக்குவியலைப் போட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சருகு, வைக்கோல், சந்தையில் கழித்துக்கட்டிய காய்கறி, சாணக் கரைசல், மறுபடி சருகு என்று அவள் அடுக்கிக்கொண்டு வந்ததில், சீக்கிரம் ஆகட்டும் என்று பண்ணைக்காரர் நடுவே கோழி எருவையும் கொட்டச் சொல்லியிருந்தார். அது உள்ளுக்குள் காய்ச்சல்காரன் உடம்புபோலக் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது குவியல் போன வாரம் போட்டது. அதற்கு இன்னும் குப்பை என்றுதான் பெயர்.

திங்கட்கிழமை காலையில் அவள் கொல்லைக்கு வந்தபோது பண்ணைக்காரர் நடுக்குவியல் ஓரத்தில் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தார். சாணம் கொண்டுவரும் வண்டிக்காரர் குப்பை கிளறும் கவைக்கோலோடு பக்கத்தில் நின்றார்.

“மாமா, அதைப் பிரிக்காதீங்க. இன்னும் மக்கலை.”

“எல்லாம் மக்கியாச்சு. நிறத்தைப் பாரு, கருகருன்னு இருக்கு.”

சின்னவள் குவியலின் நடுவில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி அவரிடம் நீட்டினாள். பண்ணைக்காரர் பிடித்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை உதறினார்.

“சூடுன்னா ஆத்திட்டா போச்சு. விரிச்சுப் போட்டு ரெண்டு குடம் தண்ணி தெளி. டீயை ஆத்திக் குடிக்கிறதில்லையா?”

“கொதிச்சு முடிச்ச டீயைத்தான் மாமா ஆத்துறோம். இது இன்னும் அடுப்புலயே இருக்கு. இதுல செடி வெச்சா வேர் வெந்துபோகும். இன்னும் மூணு வாரம் குடுங்க.”

“ஆஹா! மகள் ஜட்ஜம்மா, அம்மா வக்கீலம்மா. வீட்டுக்குள்ளயே கோர்ட்டு நடத்தறீங்களா?”

ஜட்ஜம்மா என்பது சின்னவளின் பன்னிரண்டு வயது மகளுக்கு அவர் வைத்த பெயர். எதைச் சொன்னாலும் “ஏன்?” என்று கேட்டுவிட்டு, பதில் சரியில்லை என்றால் முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிற பெண் அது.

வண்டிக்காரர் கவைக்கோலில் சாய்ந்துகொண்டு சொன்னார். “சின்னம்மா சொல்றது சரிதான் முதலாளி. கோழி எரு பொல்லாதது. என் பொண்டாட்டி கோவமாவது ரெண்டு நாள்ல ஆறும். இது ரெண்டு மாசம் இழுக்கும்.”

“உன் பொண்டாட்டியைப் பத்தி யாருப்பா கேட்டா? கவையை எடு.”

கவை இறங்கியது. குவியலிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி, மூக்கை அரிக்கும் காரமான நெடி கொல்லை முழுக்கப் பரவியது. ஒரு பிரசவத்தை நடுவில் நிறுத்தி வெளியே இழுத்துப்போட்டதுபோல இருந்தது சின்னவளுக்கு. இருந்தாலும் தண்ணீர்க் குடத்தை அவள்தான் தூக்கிவந்தாள். அந்த வீட்டில் அவளால் எந்தச் சொல்லையும் இரண்டாம் தடவை மறுக்க முடியாது.

அதற்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. அவள் கணவன், மழைநாளில் மோட்டார் கொட்டகைக்குப் போனவன், மின்சாரம் தாக்கிச் செத்தான். முந்தின நாள்தான் சின்னவள் தன் கையால் நாற்பது நாற்றுத் தட்டில் விதை போட்டிருந்தாள். சாவு வீட்டில் தட்டுகளை யார் பார்ப்பது? பத்து நாள் மழைநீர் தேங்கி, முளைத்த நாற்றெல்லாம் கழுத்து அழுகிச் சாய்ந்துவிட்டது. பண்ணைக்காரரின் மனைவி, பெரியவள், அந்தத் தட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்று சொன்னாள்.

“புருஷனும் போனான், நாத்தும் போச்சு. ரெண்டும் ஒரே கை.”

துக்கத்தில் வந்த சொல் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். துக்கம் போன பிறகும் சொல் மட்டும் போகவில்லை. அது மெல்ல மெல்லச் சட்டமாகிவிட்டது. சின்னவள் விதை அறையின் வாசலை மிதிக்கக்கூடாது. விதையை, நாற்றை, புதிதாக வேர்விட்ட எதையும் தொடக்கூடாது. “அழுகுறதை வேணா தொடட்டும். முளைக்கிறதைத் தொடவேணாம்,” என்றாள் பெரியவள். பண்ணைக்காரர் உறவுக்காரர்களை வைத்துக்கொண்டு தாராளமாகவே பேசினார்: “கொல்லைக் குப்பையை அவ பாத்துக்கட்டும். புள்ள படிக்கட்டும். எங்க வீட்டுப் புள்ளதானே.”

புள்ள படிக்கட்டும். அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சின்னவள் நான்கு வருஷமாகச் சாணத்துக்குள் கையை விட்டாள். முதலில் வெறும் குப்பையாகத்தான் குவித்தாள். எது சீக்கிரம் மக்கும், எதற்குக் காற்று வேண்டும், ஒரு பிடி பிழிந்தால் விரலிடுக்கில் எத்தனை சொட்டு வரவேண்டும் என்பதெல்லாம் தானாகப் பிடிபட்டது. ஒரு வருஷத்தில் பண்ணையில் லாரி மண் வாங்குவது நின்றது. இரண்டாம் வருஷம், “செடி வேணாம், மண்ணு மட்டும் குடுங்க,” என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

மண் பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க நிறமோ மணமோ மட்டும் போதாது. ஒரு பிடியில் நாலு விதையைப் போட்டுப் பார்க்கவேண்டும். பச்சையாக முளைத்தால் மண் தயார். நுனி கருகினாலோ முளைக்காமலே போனாலோ மண் இன்னும் கொதிக்கிறது. விதை போடுகிற வேலை பெரியவளுடையது. ஒவ்வொரு குவியலுக்கும் சின்னவள் போய், “அக்கா, ஒரு பிடி வெச்சிருக்கேன், விதை போட்டுப் பாருங்க,” என்பாள். “பாக்கறேன், பாக்கறேன்,” என்பாள் பெரியவள். அந்தப் பிடி மண் ஜன்னலோரம் காய்ந்து கட்டியாகிக் கிடக்கும். அவள் ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

ஆனாலும் மூன்று வருஷத்தில் அந்தக் கொல்லை மண் ஒரு செடியைக்கூடக் கொன்றதில்லை. அதற்குக் காரணம், வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்த ஒரு துருப்பிடித்த பெயின்ட் டப்பா.

சந்தையிலிருந்து வரும் கழிவில் எப்போதாவது முற்றிப்போன முள்ளங்கித் தண்டு வரும். அதன் காய்களைக் கசக்கினால் விதை உதிரும். விதை அறையிலிருக்கும் விதையைத்தான் தொடக்கூடாது. குப்பையில் வந்த விதையும் குப்பைதானே என்று சின்னவள் தனக்குத்தானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டாள். ஒவ்வொரு குவியல் முடியும்போதும் டப்பாவில் ஒரு பிடி மண், பத்து விதை. மூன்றாம் நாள் யாரும் இல்லாத நேரத்தில் வைக்கோலை விலக்கிப் பார்ப்பாள். இரண்டு இலையும் விரிந்து, கைகூப்பித் திறந்ததுபோல ஒரு டப்பா பச்சை அவளைப் பார்க்கும். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பிறகு பிடுங்கிக் குவியலிலேயே புதைத்துவிடுவாள்.

இந்தத் திங்கட்கிழமையும் தார்ப்பாயில் ஆறிய எருவிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். வழக்கம்போலப் பெரியவளிடமும் போய்ச் சொன்னாள். பெரியவளின் மூத்த மகள் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த நேரம் அது.

“என் பொண்ணு ரெண்டு நாள் இருந்துட்டுப் போறா. இப்பப் போயி முள்ளங்கி, கத்திரின்னு... பாக்கலாம் போ.”

வியாழக்கிழமை காலையில் வைக்கோலை விலக்கினாள். பத்து விதையில் இரண்டுதான் வெளியே வந்திருந்தன. இரண்டுக்கும் நுனி தீயில் வாட்டியதுபோலப் பழுப்பாகச் சுருண்டிருந்தது. அடியில் தோண்டிப் பார்த்தாள். மற்ற எட்டும் வெளுத்து, கொழகொழவென்று அழுகியிருந்தன.

முன்பக்கம் வண்டியில் தொட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. நூறு தொட்டிக்கான நல்ல மண்ணும் நூறு தொட்டிக்கான இந்த மண்ணும் ஒன்றாகக் கலந்து இருநூறு தொட்டியாகிவிட்டிருந்தன. அவள் டப்பாவைக் கையில் எடுத்தாள். நாலடி நடந்தாள். இதைக் காட்டினால் முதல் கேள்வி, விதை போட்டது யார் என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியின் மறுமுனையில் மகளின் பள்ளிக்கூடம் இருந்தது.

டப்பாவைத் திரும்ப வைக்கோலுக்குள் செருகிவிட்டு வெறுங்கையோடு முன்பக்கம் வந்தாள்.

“மாமா, ரெண்டு வாரம் தவணை கேளுங்களேன். அந்தம்மா தன்மையானவங்க. குடுப்பாங்க.”

“வண்டி கிளம்பும்போது குறுக்க வந்து நிக்காதேம்மா,” என்றார் பண்ணைக்காரர்.

வண்டி கிளம்பியது. அது தெரு முனையில் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இருநூறு குழந்தைக்கு விஷம் கலந்தது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவள்போல அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் தோட்டத்து அம்மா வந்தார். கையில் ஒரு பூச்செடி, வேரோடு. இலையெல்லாம் ஓரத்திலிருந்து கருகி, தண்டு துவண்டு தொங்கியது. கூடத்தில் போட்டிருந்த மேஜைமேல் அதைக் கிடத்தினார்.

“இருநூறும் இப்படித்தான் இருக்குங்க. இன்னும் ஒரு வாரத்துல கட்டடம் திறக்கப்போறாங்க. இப்ப நடைபாதையைப் பாத்தா சுடுகாட்டுக்குப் போற வழி மாதிரி இருக்கு. என்ன மண்ணைக் குடுத்தீங்க எனக்கு?”

பண்ணைக்காரர் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேர் நுனிகள் வெந்த நூல்போலப் பழுப்பாக இருந்தன. அவருக்குப் புரியாமல் இல்லை. கம்பியைத் தொட்டு உதறிய கைதானே அது. ஆனால் பெரியவள் சமையலறை வாசலிலிருந்து முந்திக்கொண்டாள்.

“நான் அப்பவே சொன்னேங்க. எங்க வீட்டுச் சின்னவ ஒருத்தி இருக்கா. புருஷனை வாரிக் குடுத்தவ. அவ கை பட்ட மண்ணுங்க அது. கைராசின்னு ஒண்ணு இருக்கில்லையா?”

முங்கிக்கொண்டிருந்தவன் கையில் கட்டை அகப்பட்டதுபோல ஆனது பண்ணைக்காரருக்கு. “ஆமாங்க. பாவம் பாத்து வேலை குடுத்தேன். அது தப்பாப் போச்சு. நல்ல மண்ணுதான். கை சரியில்லை,” என்றார்.

சின்னவள் கொல்லை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல. காய்த்துப்போன இடத்தில் முள் தைத்தால் என்ன தெரியப்போகிறது? ஆனால் அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் உள்ளே வந்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள், மேஜைமேல் கிடந்த செடியைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் எப்போதும் இருக்கிற அந்த “ஏன்?” இருந்தது.

சின்னவள் திரும்பிக் கொல்லைக்குப் போனாள். வைக்கோலுக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்துவந்து, செடிக்குப் பக்கத்தில் வைத்தாள். கருகிய இரண்டு முளையும் காய்ந்து அப்படியே நின்றன.

“இது அந்த மண்ணுதாங்க. வண்டி ஏறுறதுக்கு மூணு நாள் முன்னாடி போட்ட விதை. பாருங்க, அப்பவே கருகிடுச்சு. மண்ணு மக்கலை. உள்ள கோழி எரு கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. கை காரணம் இல்லைங்க, சூடுதான் காரணம்.”

தோட்டத்து அம்மா டப்பாவை எடுத்து முகர்ந்தார். “சரிதான். நெடி இன்னும் போகலை,” என்றார். சின்னவளை முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். “விதை போட்டுப் பாத்தது நீயா?”

“நான்தாங்க. மூணு வருஷமா ஒவ்வொரு குவியலுக்கும் நான்தான் போட்டுப் பாக்கறேன். இதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட முளைக்காமப் போனதில்லை. என் கையாலதான் முளைச்சுது எல்லாம்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே நெஞ்சு லேசானது. மூன்று வருஷம் வைக்கோலுக்குள் ஒளித்து வைத்ததைக் கூடத்தில் நடுவெளிச்சத்தில் வைத்தாயிற்று. கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பெரியவள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“மூணு வருஷமாவா? அடிப்பாவி! மூணு வருஷமா எங்களுக்குத் தெரியாம விதையைத் தொட்டுக்கிட்டா இருந்தே?” விரலை மடக்க ஆரம்பித்தாள். “அதான் பசு செத்துச்சு. அதான் எம்பொண்ணுக்கு ரெண்டு தடவை கலைஞ்சுது. அதான் இவருக்கு முதுகு பிடிச்சு ஒரு மாசம் படுத்துக் கிடந்தாரு. இப்பத்தானே தெரியுது!”

“அக்கா, முளைச்சுதுன்னு சொல்றேன். நீங்க...”

“பேசாதே! இதோ கருகிக் கிடக்கே, நீயே கொண்டுவந்து வெச்சிருக்கே. இதுக்கு மேல சாட்சி வேணுமா?”

சின்னவள் தோட்டத்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். படித்தவர். மண்ணை முகர்ந்து சொன்னவர். அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“உங்க வீட்டு நம்பிக்கையெல்லாம் எனக்கெதுக்குங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள இருநூறு தொட்டி மாத்திக் குடுங்க. இனிமே வேற யாரையாவது வெச்சு மண்ணைச் செய்யுங்க. எங்க மேலதிகாரி கேட்டா, ஆளை மாத்தியாச்சுன்னு நான் சொல்லணும் இல்லையா?”

“மாத்திடறேங்க,” என்றார் பண்ணைக்காரர். அப்போதுதான் அவர் கண் பையோடு நின்ற சிறுமிமேல் விழுந்தது. “எங்க ஜட்ஜம்மா இருக்கா. அம்மா கூடவே திரிஞ்சு எல்லாம் பழக்கம். கல்யாணமாகாத புள்ள. கைக்கு ஒரு குறையும் கிடையாது. நாளையிலிருந்து குவியல் அவ பொறுப்பு.”

“அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு மாமா.”

“குவியலை நீ பாத்துக்கிட்டா புள்ள படிக்கட்டும்னேன். நீதான் இனிமே பாக்கப்போறதில்லையே,” என்றார் அவர். கணக்கில் ஒரு தப்பும் இல்லாதவர்போல அமைதியாகச் சொன்னார்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மாவும் மகளும் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள்.

“இதுல போட்டிருக்கும்மா. கிருமி தின்னும்போது சூடு வரும், அது அடங்கினாத்தான் உரம்னு. நான் பெரியப்பாகிட்ட படிச்சுக் காட்டறேன்.”

“அவருக்குத் தெரியும்டி.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான்.”

மகள் புத்தகத்தை மூடினாள். பிறகு அம்மாவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நகக்கண்ணில் இருந்த அழுக்கை ஈர்க்குச்சியால் எடுக்க ஆரம்பித்தாள்.

“நீ நம்பறியாம்மா? உன் கை அப்படின்னு?”

“டப்பா டப்பாவா முளைச்சதை நான் பாத்திருக்கேனே. எனக்கென்ன பைத்தியமா?”

“அப்போ நீ ஒருநாளும் அப்படிச் சொல்லிராதே. அவங்க சொல்லிட்டுப் போகட்டும். நீ சொல்லாதே.”

சின்னவள் தலையாட்டினாள். மகள் அடுத்த விரலை எடுத்தாள்.

மறுநாள் காலையில் சின்னவள் மகளுக்குச் சீருடையை எடுத்துக் கொடுத்து, தலையைப் பின்னிவிட்டு, “நீ பாட்டுக்குக் கிளம்பு,” என்றாள். தான் கொல்லைக்குப் போனாள். மகள் பையோடு முன்வாசலுக்கு வந்தபோது பண்ணைக்காரர் கேட்டுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கவைக்கோல் சாய்த்து வைத்திருந்தது.

“ஜட்ஜம்மா எங்க கிளம்பிட்டீங்க? இன்னையிலிருந்து கோர்ட்டு கொல்லையிலதான்.”

“எனக்கு இன்னைக்குப் பரீட்சை இருக்கு பெரியப்பா.”

“பரீட்சை வருஷா வருஷம் வரும். வெள்ளிக்கிழமை ஒண்ணுதான் வரும். போ, துணியை மாத்திக்கிட்டு வா.”

அப்போது சின்னவள் கொல்லையிலிருந்து வந்தாள். இரண்டு கையும் முழங்கைவரை சாணக் கரைசல். கேட்டுப் பக்கம் அவள் வரவில்லை. கூடத்தைத் தாண்டி நேராக விதை அறைக்குப் போய் நிலைப்படியின்மேல் ஒரு காலை வைத்து நின்றாள்.

புதுப் பருவத்து விதை வந்து இறங்கியிருந்த சமயம். வாய் பிரித்த மூட்டைகள் சுவரோரம் வரிசையாக நின்றன. பெரியவள் உள்ளே உட்கார்ந்து தட்டுகளுக்கு விதை அளந்துகொண்டிருந்தாள்.

“ஏய்! ஏய்! அங்கயே நில்லு! காலை எடு!”

“நிக்கிறேன்க்கா. எம்பொண்ணு கேட்டைத் தாண்டிட்டா நான் இப்படியே திரும்பிப் போயிடறேன்.”

“என்னங்க! இங்க வாங்களேன்! இவளைப் பாருங்க!”

பண்ணைக்காரர் எழுந்து கூடத்துக்கு வந்தார். மகளும் பின்னாலேயே வந்து தூணோரம் நின்றாள்.

“என்ன, மிரட்டறியா?”

“இல்லைங்க மாமா. நீங்க நேத்து அந்தம்மாகிட்ட சொன்னதைத்தான் சொல்றேன்.” சின்னவளின் குரல் ஏறவே இல்லை. “இது ராசியில்லாத கை. புருஷனை முழுங்கின கை. நாப்பது தட்டு நாத்தை அழிச்ச கை. உங்க பசுவைக் கொன்னது, அக்கா பொண்ணு வயித்துல இருந்ததைக் கரைச்சது, இருநூறு செடியைக் கருக்கினது எல்லாம் இந்தக் கைதான். எம்பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு விடலைன்னா, இந்தக் கையை ஒவ்வொரு மூட்டையிலயும் அடிவரைக்கும் விட்டு எடுப்பேன். இன்னைக்கு மட்டும் இல்லை. அவ என்னைக்குக் கொல்லைக்கு வர்றாளோ, அன்னைக்கு நான் இங்க வருவேன்.”

பெரியவள் இரண்டு கையையும் விரித்து மூட்டைகளை மறைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். “விட்ருங்க! அந்தப் புள்ளையை விட்ருங்க! ஒரு பருவத்து விதைங்க!”

பண்ணைக்காரர் வாயைத் திறந்தார். தொட்டால் தொட்டுக்கொள், ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் நேற்று சொன்னது பொய்யாகிவிடும். கருகிய இருநூறு செடிக்கும் அவரே பதில் சொல்லவேண்டிவரும். திறந்த வாயை மூடிக்கொண்டு விதை மூட்டைகளைப் பார்த்தார். சின்னவளின் விரல் நுனியிலிருந்து கரைசல் ஒரு சொட்டு நிலைப்படியில் விழுந்தது. பெரியவள் வீறிட்டாள்.

“குவியலை யாரு பாக்கறது?” என்றார் கடைசியில். கேள்வி சுரத்தில்லாமல் வந்தது.

“நான்தான். எப்பவும்போல. அந்தம்மாகிட்ட ஆளை மாத்தியாச்சுன்னு சொல்லிக்கங்க. மிச்சம் இருக்கிற குவியல் மக்க இன்னும் ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் வெளிய மண்ணு வாங்கிப் போடுங்க.”

அவர் போய் நாற்காலியைக் கேட்டிலிருந்து இழுத்து ஓரமாகப் போட்டார்.

சின்னவள் அப்போதுதான் மகள் நின்ற பக்கம் திரும்பினாள். மகள் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. ஒரே ராத்திரியில் அந்த முகத்துக்கு நிறைய வயதாகிவிட்டிருந்தது.

“நேரமாச்சு. போயிட்டு வா கண்ணு,” என்றாள் சின்னவள்.

மகள் தோளிலிருந்து நழுவிய பையை இழுத்து மாட்டிக்கொண்டாள். பெரியப்பாவைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.